ஜாத்தா நெகாராவில் நிற்பது சோழன் புலி அல்ல

அந்தப் புலி நம்முடையது அல்ல. கம்போங் மேடான் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து இதைச் சொன்னால், தேத்தண்ணி ஆறுவதற்குள் எழுந்து போக வேண்டிவரும். நான் ஒரு முறை அப்படி எழுந்து வந்தவன். அன்று சொல்லி முடிக்காததை இங்கே சொல்கிறேன்.

விவகாரம் ஒரு சட்டையில் தொடங்கியது. எங்கள் பகுதி இரவுச் சந்தையில் ஒரு தம்பி சட்டை விற்கிறார். நெஞ்சில் பாயும் புலி, அதன் கீழே 1025 என்ற எண். முதுகில் மலேசிய அரசுச் சின்னமான ஜாத்தா நெகாரா பாணியில் கேடயம் பிடித்து நிற்கும் இரட்டைப் புலி. விலை 30 வெள்ளி. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். “ரெண்டும் ஒரே புலிதான் அங்கிள். நாம வச்சிட்டுப் போனது” என்றார்.

தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்யாண மண்டபத்து மேடையில், கோயில் திருவிழாப் பேச்சில், படித்தவர்கள் கூடும் கூட்டத்தில் என்று எங்கும் நான் கேட்டுவரும் வாதம் இது. அதை அதன் முழு பலத்தோடு முதலில் எழுதிவிடுகிறேன். இராசேந்திர சோழன் 1025இல் கடல் கடந்து படையெடுத்தான். ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் வென்றான். கடாரம் என்பது இன்றைய கெடா. சோழனின் சின்னம் புலி, மலேசிய அரசுச் சின்னத்திலும் இரண்டு புலிகள். மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவே ராஜா சூரான், ராஜா சூலான் என்று பேசுகிறது. கோலாலம்பூரில் ராஜா சூலான் பெயரில் சாலையே இருக்கிறது. ஆகவே, சின்னத்தில் நிற்பது சோழன் விட்டுச் சென்ற புலி. ஆகவே, நாம் வந்தேறிகள் அல்லர், ஆண்டவர்கள்.

இதில் பொய் மட்டுமே இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. படையெடுப்பு உண்மை, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சாட்சி. கடாரம் கெடா என்பதும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பது. இந்த வாதம் ஏன் பிறக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். 2001 மார்ச்சில் இந்தக் கம்போங் மேடானில் நடந்த இனமோதலில் 6 பேர் இறந்தார்கள். அதன் நினைவு தெருவில் இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் வளரும் பையனிடம் யாரோ ஒருவர் ‘உன் ஊருக்குப் போ’ என்றால், அவன் கை ஒரு புலியைத் தேடத்தான் செய்யும். தேடுவது நியாயம். கையில் கிடைத்த புலி தவறானது.

1. புலி உட்கார்ந்திருக்கிறதா, நிற்கிறதா?

சோழ முத்திரையை ஒரு முறையாவது பார்த்துவிட்டுப் பேசலாம். லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்ற ஆனைமங்கலச் செப்பேட்டின் வளையத்தில் அந்த முத்திரை இருக்கிறது. புலி பின்னங்கால்களை மடித்து அமைதியாக உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் பாண்டியனின் இரட்டை மீன், கூடவே சேரனின் வில், மேலே வெண்கொற்றக் குடை, இருபுறமும் சாமரம். உத்தம சோழன் காலத்துக் காசிலும் புலி உட்கார்ந்துதான் இருக்கிறது. பாயும் புலி நமக்கு வந்த வழி வேறு: தொடர்கதை ஓவியம், நாவல் அட்டை, சினிமா. சாண்டில்யனின் ‘கடல் புறா’வைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கிய தலைமுறை என்னுடையது. எனக்கும் அந்தப் புலிதான் பிடிக்கும். பிடிப்பது வேறு, சான்று வேறு.

இப்போது ஜாத்தா நெகாராவைப் பாருங்கள். நடுவில் கேடயம். மேலே பிறையும் நட்சத்திரமும். இருபக்கமும் பின்னங்காலில் எழுந்து நின்று கேடயத்தைத் தாங்கும் விலங்குகள். கீழே நாடாவில் எழுதிய வாசகம். இது எந்த ஊர் இலக்கணம்? ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டு வாக்கில், முகம் மறைக்கும் இரும்புத் தொப்பியோடு போருக்குப் போன பிரபுக்கள் தம்மை அடையாளம் காட்டக் கேடயத்தில் படம் எழுதத் தொடங்கினார்கள். அந்தப் பழக்கம் குடும்பச் சொத்தாகி, அப்பன் கேடயம் மகனுக்கு என்றாகி, தனிச் சாத்திரமாகவே வளர்ந்தது. இங்கிலாந்தின் முதலாம் ரிச்சர்டு 1198இல் தன் முத்திரையில் மூன்று சிங்கங்களை வைத்தான். இன்றுவரை அந்த மூன்றும் ஆங்கில அரச கேடயத்தில் இருக்கின்றன. 1603இல் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசனானபோது, ஆங்கிலச் சிங்கம் ஒரு பக்கமும் ஸ்காட்லாந்தின் ஒற்றைக்கொம்புக் குதிரை மறுபக்கமும் கேடயத்தைத் தாங்கின. அந்தச் சிங்கத்தையும் குதிரையையும் இறக்கிவிட்டு இரண்டு புலிகளை ஏற்றிப் பாருங்கள். நம் அரசுச் சின்னத்தின் எலும்புக்கூடு கிடைத்துவிடும்.

ஒரு வேடிக்கை. அந்த ஐரோப்பியச் சாத்திரத்தில் புலி என்ற பெயரில் பழைய விலங்கு ஒன்று உண்டு. புலியைக் கண்ணால் பார்க்காதவர்கள் வரைந்தது. உடம்பு ஓநாய் போல, பிடரி சிங்கம் போல, மூக்கில் வளைந்த தந்தம் வேறு. வரிப்புலியை உண்மையாகவே வரைய நேர்ந்தபோது இரண்டும் குழம்பாமலிருக்க அதற்கு வங்கப் புலி என்று தனிப் பெயர் வைத்தார்கள். நம் சின்னத்தில் நிற்பது அந்த வகைப்பாட்டில் வரும் புலி.

2. 1025இல் வைத்த புலி 1891 வரை எங்கே படுத்திருந்தது?

மலாய் மாநிலங்களில் பாயும் புலி பரவலாகத் தென்படுவது 1891 முதல் வெளிவந்த தபால்தலைகளில். அச்சடித்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1895 உடன்படிக்கையின்படி பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்து கூட்டு மலாய் மாநிலங்கள் ஆயின. அதன் கொடியில் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்புப் பட்டைகள், நடுவே பாயும் புலி. அதன் சின்னத்தில் கேடயம், இருபுறம் புலிகள். 1952இல் மலாயாக் கூட்டரசு தன் சின்னத்தை அமைத்தபோது புலிகள் அங்கிருந்து வந்தன. 1963இல் மலேசியா பிறந்ததும் நட்சத்திரத்தின் 11 முனை 14 ஆனது. புலிகள் அப்படியே நின்றன. இந்த வரிசையில் ஒவ்வொரு படிக்கும் ஆண்டு உண்டு, ஆவணம் உண்டு. சோழன் நுழைய இடுக்கு இல்லை.

அதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. புலி வைத்த அந்த நான்கு மாநிலங்களில் கெடா இல்லை. 1909 வரை அது சயாமின் மேலாண்மையில் இருந்தது. அதன் பிறகும் கூட்டில் சேரவில்லை. கடாரம் கொண்ட சோழன் புலியை விட்டுச் சென்றான் என்றால், அதைக் கடாரத்தில் அல்லவா விட்டிருக்க வேண்டும்? கெடாவின் சின்னத்தில் நெற்கதிர் உண்டு, பிறை உண்டு, புலி இல்லை. ஜாத்தா நெகாராவின் கேடயத்தில் கெடாவைக் குறிப்பது மேல் வரிசையில் இருக்கும் ஐந்து கிரிஸ் கத்திகளில் ஒன்று. நம் வாதம் கெடாவில் தொடங்கிப் பேராக்கில் போய் முடிகிறது. நடுவில் 870 ஆண்டு. அந்த இடைவெளியைத் தாண்டப் புலியாலும் முடியாது.

‘புலி என்றாலே சோழன்தான்’ என்பவர்களுக்கு ஒரு சொல். மேபேங்கின் அடையாளம் புலி. புரோட்டோன் காரின் மூக்கில் புலித்தலை. டைகர் பீர் குப்பியிலும் புலி. இவையும் இராசேந்திரன் உபயமா? ஜொகூரின் சின்னத்தையும் இரண்டு புலிகள்தாம் தாங்குகின்றன. அந்தச் சின்னத்தில் கம்பிர் இலையும் மிளகும் இருப்பது, ஆற்றங்கரைகளில் சீனர்கள் போட்ட தோட்டங்களின் நினைவாக. புலி இந்தக் காட்டு விலங்கு. மலாய்க் கம்பங்களில் அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லப் பயந்து ‘பாக் பெலாங்’ என்று மரியாதையாகச் சொல்வார்கள், வரிக்காரப் பெரியவர் என்ற பொருளில். விடியுமுன் பால்மரம் வெட்டப் போன நம் பாட்டிமார்களுக்கும் புலி கொடியில் இருக்கும் படம் அல்ல. புதருக்குள் இருக்கும் பயம்.

3. சோழனே கேட்காத உரிமையை நாம் ஏன் கேட்கிறோம்?

சோழ முத்திரையில் மீனும் வில்லும் ஏன் இருக்கின்றன? பாண்டியனையும் சேரனையும் அடக்கியதால். சோழன் தனக்குக் கீழ் என்று கருதிய அரசின் சின்னத்தைத் தன் முத்திரைக்குள் இழுத்துக்கொண்டான். அந்த வட்டத்துக்குள் கடாரத்துக்கென்று ஒரு சின்னம் இல்லை. ‘கடாரம் கொண்டான்’ என்று பட்டம் சூட்டிக்கொண்டவன் அதைத் தன் நாட்டோடு சேர்த்துக் காட்டவில்லை. மெய்க்கீர்த்தி சொல்வதையும் நிதானமாகப் படிக்க வேண்டும். அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை அவன் யானையோடு பிடித்தது, குவித்து வைத்த செல்வத்தை எடுத்தது, ஸ்ரீவிஜயத்தின் வித்தியாதரத் தோரணத்தைக் கைப்பற்றியது. பிறகு ஊர்களின் நீண்ட பட்டியல். இன்ன ஊரில் ஆளுநர் வைத்தான், இன்ன வரி போட்டான் என்ற பேச்சே இல்லை. அடுத்த தலைமுறையில், 1068 வாக்கில், வீரராசேந்திரன் கடாரத்தை வென்றதாகவும், அடிபணிந்த அதன் அரசனுக்கே திருப்பிக் கொடுத்ததாகவும் கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. கொடுத்தவன் பெருமைப்பட்டான். நாம் ஆயிரம் ஆண்டு கழித்துக் கணக்குக் கேட்கிறோம்.

சின்னம் இருந்தால் உரிமை உண்டு என்று நம்புகிறவர்கள் ஆங்கில அரச கேடயத்தை ஒரு முறை பார்க்கட்டும். 1340இல் மூன்றாம் எட்வர்டு, பிரான்சின் அரியணை எனக்கே என்று சொல்லி, பிரெஞ்சு அரசரின் அல்லிப்பூக்களைத் தன் சிங்கங்களோடு சேர்த்தான். 1558இல் கடைசிப் பிடியான கலே துறைமுகமும் கைவிட்டுப் போயிற்று. பிரான்சில் ஒரு குழி நிலம் இல்லை. ஆனாலும் வம்சம் மாறி வம்சம் வந்தும் அல்லிப்பூ கேடயத்தில் மலர்ந்தபடி இருந்தது. 1801இல்தான் மூன்றாம் ஜார்ஜ் அதை எடுத்தான். கலே போன பிறகும் 240 ஆண்டுக்கு மேல் ஒரு பூவை வைத்துக்கொண்டு பிரான்சின் அரசர் என்று சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பூவால் ஒரு பிரெஞ்சு உழவனும் தன்னை ஆங்கிலேயன் என்று நினைக்கவில்லை.

சோழ நாட்டிலேயே என்ன நடந்தது? விடுதலைக்குப் பின் சென்னை அரசு தனக்குச் சின்னம் தேடியபோது தேர்ந்தது கோபுரத்தை. இன்றும் தமிழ்நாட்டின் சின்னம் அதுதான். தஞ்சாவூர்க்காரர்கள் உரிமை கொண்டாடாத இடத்தில் நாம் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கொடி பிடிக்கிறோம்.

4. ராஜா சூலான் சாலை?

எதிர்த்தரப்பின் வலுவான துருப்பு இது. பாதி உண்மை. 1612ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் செஜாரா மெலாயு, மலாய் அரசர்களின் முன்னோர் வரிசையில் கலிங்க நாட்டு ராஜா சூரானைச் சேர்த்துக் கதை சொல்கிறது. சோழப் படையெடுப்பின் மங்கலான நினைவு அதில் இருக்கிறது என்று அறிஞர்கள் கருதுவது பொருத்தமே. ஆனால், கோலாலம்பூர் சாலை அந்த ராஜாவின் பெயரால் அமைந்தது அல்ல. பேராக் சுல்தான் அப்துல்லாவின் மகனும் 1933இல் மறைந்தவருமான ராஜா சர் சூலானின் பெயர் அது. முன்பு அது வெல்டு சாலை. ஒரு மலாய் அரச குடும்பம் தன் பிள்ளைக்குச் சூலான் என்று பெயர் வைத்தது என்பது சட்டையில் போடும் புலியைவிட எனக்குச் சுவையான செய்தி. அவர்கள் அந்தப் பெயரைத் தம் முன்னோர் பெயராகச் சொந்தம் கொண்டாடினார்கள். அதைப் பிடுங்கி ‘பார், உன்னை ஆண்டவன்’ என்று நீட்டுவது, விருந்துக்கு அழைத்த வீட்டில் பத்திரம் கேட்பது போல.

5. வென்றுவிட்டால் என்ன கிடைக்கும்?

இதுதான் என்னை எழுத வைத்தது. மேலே சொன்னதெல்லாம் தவறு என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் புலி சோழன் புலிதான். சரி, பிறகு?

‘நீ வந்தேறி’ என்பவனின் வாதத்தில் ஒளிந்திருக்கும் விதி ஒன்று: யார் முன்பு வந்தார்களோ, யார் ஆண்டார்களோ, அவர்களுக்கே மண். ‘என் அரசன் உன்னை வென்றான்’ என்று பதில் சொல்லும் கணத்தில் அந்த விதிக்கு நாமே கையெழுத்துப் போடுகிறோம். அந்த விதிப்படி, கடற்படையோடு வந்து தோரணத்தைக் கழற்றிக்கொண்டு போனவனுக்கு உரிமை உண்டு. காடழித்து ரப்பர் நட்டவளுக்கு இல்லை. கம்போங் மேடானில் இருக்கும் நம்மில் எத்தனை பேர் இராசேந்திரனின் தளபதி வம்சம்? நாம் கங்காணியோடு கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது, கங்காணி ஆளெடுப்பு 1938இல் நின்றது. நம் வரலாறு அந்த ஆண்டுகளை ஒட்டி இருக்கிறது. அதை மறைக்க அரசகுலப் போர்வை தேடுவதில், லயத்து வாழ்க்கையைப் பற்றிய நம் வெட்கம் தெரிகிறது. ஆளும் குலமென்று காட்டச் சின்னம் வாங்கி மாட்டிக்கொள்வது ஐரோப்பாவில் புதுப் பணக்காரர்களின் வழக்கம். நமக்கு எதற்கு?

சோழனைத் தவிர்த்தால் தமிழனுக்கு இந்தக் கடலில் பழைய சுவடே இல்லை என்பதும் பொய். படை வருவதற்கு ஏறத்தாழ 200 ஆண்டு முன்பே, இன்று தாய்லாந்தில் இருக்கும் தக்குவாப்பாவில் அவனிநாரணம் என்ற குளம் வெட்டி, அதை மணிக்கிராமத்து வணிகரின் பொறுப்பில் விட்ட தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. சுமாத்திராவின் பாருசில் 1088ஆம் ஆண்டின் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் கல்வெட்டு. அந்த லெய்டன் செப்பேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு, இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்த ஆவணம் அது. சோழப் புலியும் கடாரமும் ஒரே ஏட்டில் சந்திக்கின்றன, தானமாக. அந்த ஏட்டைச் சட்டையில் போட ஒருவரும் இல்லை. கொள்ளைக்கு இருக்கும் மவுசு குளத்துக்கு இல்லை.

இன்னொரு விளைவும் உண்டு. புலிக்காகத் தொண்டை கிழியக் கத்தும் நாம் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குக்கு எத்தனை முறை போயிருக்கிறோம்? 2013இல் அங்கே 11ஆம் எண் சண்டி என்ற பழங்கோயில், நிலம் சீர்படுத்தும் வேலையில் இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளியான பிறகுதான் நாட்டில் பலருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியும். கடாரத்தின் கல் மண்ணோடு போனபோது, கடாரம் வென்ற பெருமையை நாம் மேடையில் பேசிக்கொண்டிருந்தோம். பிரிக்பீல்ட்ஸில் 2015இல் இந்தியா பரிசளித்த தோரண வாயில் ஒன்று நிற்கிறது, சாஞ்சி வடிவம். 1025இல் இந்தப் பக்கத்திலிருந்து போன தோரணத்துக்கு ஈடாக 990 ஆண்டு கழித்து ஒன்று வந்து சேர்ந்தது என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன். யாரும் சிரிப்பதில்லை.

ஜாத்தா நெகாராவில் நமக்கு இடமில்லையே என்று வருந்துவது வேறு விஷயம். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. பினாங்குக்குப் பாக்கு மரம் இருக்கிறது, மலாக்காவுக்கு மலாக்கா மரம் இருக்கிறது. நாட்டின் கஜானாவை நிரப்பிய ரப்பர் மரம் அந்தக் கேடயத்தில் இல்லை. கேட்பதென்றால் அதைக் கேட்கலாம். கேடயத்தில் ஏறாவிட்டாலும் பரவாயில்லை. 1957இல் எழுதிய அரசமைப்பில் குடியுரிமை இருக்கிறது. அதைப் பெறாமல் சிவப்பு அடையாள அட்டையோடும் பிறப்புப் பத்திரம் இல்லாமலும் அலைகிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பதிவு அலுவலக வரிசையில் நிற்கிறவருக்கு இராசேந்திரன் சாட்சிக் கையெழுத்துப் போட வரமாட்டான்.

எங்கள் ஊர் ஓரமாகப் போகும் பழைய கிள்ளான் சாலை ஒரு காலத்தில் கிள்ளானுக்குத்தான் போனது. 1941இல் அந்த வட்டாரத்துத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னணியில் இருந்தவர் ஆர்.எச். நாதன். கூலி உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். இன்னொன்றும் கேட்டார்கள்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். மே மாதம் நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். சுட்டவர்களின் அரசாங்கக் கொடியில் பாயும் புலி இருந்தது. இறந்தவர்களிடம் இருந்தது மிதிவண்டி.

இதை அந்தச் சட்டைக்காரத் தம்பியிடமும் சொன்னேன். ஒரு மிதிவண்டி, கீழே 1941 என்று போட்டுக் கொடுத்தால் இரண்டு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்களத் தவிர யாரு அங்கிள் வாங்குவா?”